பீஸ் கட்டையும் கொட்டாய்ச் சாவியும்

செஞ்சி
21-1-1968

உத்திரத்துக்கும் அதன் பதிக்கும்,

உன் சித்தப்பா மகன் சிங்காரவேலு எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் இருப்பாய். இதற்கு மேல் நலம் என்று எழுத இங்கே ஒன்றும் இல்லை.

தை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. என் நைனாவுக்குத் தையலும் பிறந்துவிட்டது. உன் நைனா மண்வெட்டிக் காம்பால் அவர் மண்டையைப் பிளந்துவிட்டார். நீ அங்கே அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குப் படிக்கிறாய். இங்கே மண்டையில் ஓட்டை போட்டுப் பாசனம் செய்கிறார்கள். ஊர் பேரே செஞ்சி. செய்வதற்கு முன்னால் யோசிக்கிற ஊரா இது?

சண்டை கிணற்றுக்காகத்தான். நீ கான்பூர் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து மோட்டார் போட்டார்கள் அல்லவா? மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் முறை சுலபம். விடிந்ததிலிருந்து உச்சி வரை ஒரு வீடு, உச்சி சாய்ந்தால் மற்ற வீடு. மோட்டாருக்கும் அதே முறைதான் என்று கைகொடுத்துக்கொண்டார்கள். மாட்டுக்குப் புல் போட்டால் நடக்கும். கரண்டுக்கு எவன் புல் போடுவது? அன்று எங்கள் முறை முழுக்கக் கரண்டு இல்லை. உச்சி சாய்கிற நேரம் பார்த்து வந்தது.

"கரண்டு இல்லாத மொற ஒரு மொறையா? எனுக்குப் பாக்கி இருக்குது" என்று என் நைனா மோட்டாரைப் போட்டார்.

"உச்சி சாஞ்சிட்ச்சிடா செல்லப்பா. எங்க மொற. நிறுத்து."

"நிறுத்தலைன்னா இன்னா பண்ணுவ?"

இன்னா பண்ணுவார் என்று உடனே தெரிந்துவிட்டது. ரத்தம் வாய்க்காலில் விழுந்து கழனி வரைக்கும் போயிற்று. தண்ணீர்கூட அவ்வளவு வேகமாகப் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரே கம்ப்யூட்டர் மிஷினில் கல்லூரியே வேலை பார்க்கிறது என்று போன கடிதத்தில் பீற்றியிருந்தாய். அங்கே யாருக்காவது தையல் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் எப்படி இல்லை என்று எழுது. வீட்டு விலாசத்துக்குப் போடாதே. நைனா உன் எழுத்தைப் பார்த்தால் அதை அடுப்பில் போட்டுவிட்டு அடுத்து என்னைப் போடுவார். கடைவீதியில் பாண்டுரங்கன் சைக்கிள் கடைக்குப் போடு. அவர் பஞ்சர் ஒட்டுவார், ஒட்டுக் கேட்கமாட்டார்.

சிங்காரம்


கான்பூர்
30-1-1968

அன்புள்ள தம்பி சிங்காரத்துக்கு,

சித்தப்பாவின் காயம் ஆறிவருகிறதா? காய்ச்சல் இருந்தால் அலட்சியமாக விடாதே. அம்மா போட்ட கார்டில் 'அவன்தான் முதல்ல கை வச்சான்' என்று மட்டும் இருந்தது. யார் முதலில் என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீயும் எழுதாதே. எழுதினால் நாம் இருவரும் அவர்களைப் போல ஆகிவிடுவோம்.

நீ கேட்டதற்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். நானும் இப்போதுதான் தட்டுத் தடுமாறிக் கற்கிறேன்.

மிஷினை எங்களில் ஒருவரும் தொடக்கூடாது. ஓட்டை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். உள்ளே மானிட்டர் என்று ஒரு புரோகிராம் குடியிருக்கிறது. ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவர் கட்டை அதுதான் எடுத்து ஓட்டுகிறது. அதற்குப் பெரியவர் சின்னவர் கிடையாது.

என் முதல் புரோகிராமே அதனிடம் மாட்டிக்கொண்டது. மொத்தம் மூன்று வரி. 'ஒன்றை எடு. அதோடு ஒன்றைக் கூட்டு. மறுபடி கூட்டும் வரிக்கே போ.' எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். அது கூட்டிக்கொண்டே இருந்தது. என் புரோகிராம் ஓடும்போது மானிட்டர் தூங்குகிறது, ஆகையால் அதனால் என்னைத் தடுக்க முடியாது. ஆனால் மிஷினுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்ததும் அது மானிட்டரை எழுப்புகிறது. எழுந்த மானிட்டர் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. 'நேரம் முடிந்தது' என்று ஒரு காகிதம் வந்தது. கோபப்பட அங்கே ஆள் யாரும் இல்லை.

இரண்டாவது புரோகிராமில் நூறு எண்களுக்கு இடம் கேட்டுவிட்டு அதைத் தாண்டியும் எழுதினேன். பக்கத்து வரப்பை வெட்டுவது மாதிரியான காரியம். மானிட்டர் இருக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் யாரும் உடைக்க முடியாத வரப்பு இருக்கிறது. அங்கே கை வைத்ததும் மிஷின் என்னை நிறுத்திவிட்டது.

முக்கியமானது ஒன்று. மிஷின் பழுதாகி நின்றிருந்தால் அந்த நேரம் யார் கணக்கிலும் ஏறாது. எனக்காக ஓடின நேரம் மட்டும்தான் என் நேரம். கிணற்றில் தப்பு இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. நாம் வெயிலை அளக்கிறோம். வெயில் கரண்டு இல்லாதபோதும் ஓடுகிறது.

என் நைனா சாப்பிடுகிறாரா? பார்க்க முடிந்தால் எழுது.

உத்திராபதி


செஞ்சி
11-2-1968

மகா மானிட்டருக்கு,

எட்டாம் வகுப்பில் நம் பெயரைப் பலகையில் எழுதி அடி வாங்கவைத்தானே, அவனும் மானிட்டர்தான். உன் மானிட்டரோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெயருக்கே இரக்கம் கிடையாது போலிருக்கிறது.

கரண்டு இருக்கும்போது மட்டும் ஓடுகிற கடிகாரத்துக்கு எங்கே போவேன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். (நைனா மண்டை ஏற்கெனவே உடைந்திருந்ததால் என்னுடையது.) மோட்டார்க் கொட்டாய்க்குள் போனால் சுவரில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது! மீட்டர்! மோட்டார் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். ஆளுக்கு இத்தனை யூனிட் என்று வைத்து, எந்த எண்ணில் முறை முடியும் என்று சுவரில் கரியால் எழுதிவிட்டால் வெயிலாவது உச்சியாவது. என் யோசனையை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன், முதுகுக்குக் கை எட்டவில்லை.

இவர்களை ஒத்துக்கொள்ள வைத்ததுதான் வேடிக்கை. உன் நைனாவிடம் போய், "பெரிப்பா, மீட்டர் கணக்குல தண்ணி வச்சிக்கலாம்னா எங்க நைனா முடியாதுன்றாரு" என்றேன்.

"ஏன் முடியாதாம்? திருட்டுப் பய. அப்ப அதுல நமக்கு லாபம் இருக்குது. மீட்டர்தான்னு சொல்லு போ."

என் நைனாவிடம் வந்து, "பெரிப்பா மீட்டரே கூடாதுன்றாரு" என்றேன்.

"அவன் கூடாதுன்னா அதான் சரி. மீட்டர்தான்!"

இரண்டு பேரும் ஒன்றாகச் சம்மதித்தது மோட்டார் போட்ட பிறகு இதுதான் முதல் தடவை.

ஆனால் யூனிட் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்துவது யார்? இங்கே கழுத்தைப் பிடித்துத் தள்ள மானிட்டர் இல்லை. தள்ளப் போனால் அரிவாள் வரும். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார் ஓட இரண்டு சாமான் வேண்டும். கொட்டாயின் பூட்டுக்குச் சாவி வேண்டும், கரண்டு பாய உள்ளே பலகையில் செருக அந்தப் பீங்கான் பீஸ் கட்டை வேண்டும். சாவி உங்கள் வீட்டில், பீஸ் எங்கள் வீட்டில். யார் முறையானாலும் மற்றவன் வந்து தன் சாமானைக் கொடுத்தால்தான் தண்ணீர். ஒருத்தனால் தனியாகத் திருட முடியாது. எப்படி? உன் மிஷினில் இப்படி ஒன்று இருக்கிறதா?

இரண்டு முறை சண்டையில்லாமல் ஓடிவிட்டது. ஒரு சின்னச் சேதம்தான். நான் மீட்டரைக் கிட்டப் போய்ப் படித்தேன். "மீட்டர்ல இன்னாடா கை வைக்கிற?" என்று உன் நைனா ஓர் அறை விட்டார். பல் ஒன்று ஆடுகிறது. எந்தப் பக்கம் விழும் என்று முடிவு செய்யவில்லை. உன் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது பார், அந்த அறை அறைகிறவர் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்.

மல்லாட்டைக்கு விழுது இறங்கிக் கடலை பிடிக்கிற நேரம். மூன்று நாளாகக் கரண்டு இல்லை.

சிங்காரம்


கான்பூர்
18-2-1968

சிங்காரம்,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. படித்ததும் எழுதுகிறேன். சாவியும் பீஸும் இரண்டு வீட்டில் இருக்கவே கூடாது. இன்றே மாற்று.

மீட்டர் யோசனை அருமை, எனக்கே தோன்றவில்லை. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. எப்படித் தெரியும் என்றால், போன வாரம் வகுப்பில் நாங்களே ஒரு குட்டி மானிட்டர் எழுதினோம். விளையாட்டுக்காக இரண்டு பொய் வேலைகளை உள்ளே விட்டோம். அ என்று ஒன்று, ஆ என்று ஒன்று. இரண்டுக்குமே மிஷினில் இருக்கிற இரண்டு டேப்பும் வேண்டும். அ முதல் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்டது. ஆ இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கேட்டது. எடுத்ததை விடு என்று நாங்கள் எழுதவில்லை. அச்சு மிஷினிலிருந்து காகிதம் வர ஆரம்பித்தது. 'அ காத்திருக்கிறது. ஆ காத்திருக்கிறது. அ காத்திருக்கிறது. ஆ காத்திருக்கிறது.' தரையெல்லாம் காகிதம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதில் அ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆ-வும் செய்யவில்லை. கையில் இருப்பதை விடாமல் அடுத்ததைக் கேட்டார்கள், அவ்வளவுதான். அவை எண்கள், காத்திருக்கும். சித்தப்பாவும் நைனாவும் காத்திருக்கமாட்டார்கள்.

ஆசிரியர் சொன்ன வழி இதுதான். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எடுத்தால் இரண்டையும் எடு, இல்லாவிட்டால் ஒன்றையும் தொடாதே. பொது ஆள் ஒருவர் வீட்டில், ஒரே ஆணியில் மாட்டு. கடையிலிருந்து நேராகப் போய்ச் செய். தந்தி அடிக்கலாம் என்று பார்த்தேன், 'பீஸ் சாவி ஆணி' என்று வந்தால் பாண்டுரங்கன் அண்ணன் பயந்துவிடுவார்.

உத்திரா


செஞ்சி
19-2-1968

உத்திராபதிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. வந்தாலும் இனி பிரயோஜனமில்லை.

நேற்றுக் காலை கரண்டு வந்தது. நைனா பீஸை எடுத்துக்கொண்டு போனார், நானும் போனேன். உன் நைனா கொட்டாய் வாசலில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். தன் முறை பாதியில் நின்றிருந்தது என்றார் அவர். முடிந்துபோயிற்று என்றார் என் நைனா. உள்ளே போய் மீட்டரைப் பார்த்தால் தீர்ந்தது.

"தொற. பாக்கலாம்."

"மொதல்ல பீஸைக் குடு. தொறக்கறேன்."

"தொறந்தா குடுக்கறேன்."

"தொறந்தா நீ உள்ள பூந்து குந்திக்குவ."

"குடுத்தா நீ உள்ள பூட்டிக்குவ."

நான் நடுவில் நின்று, "ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன், ரெண்டு பேரும் ஒண்ணாக் குடுங்க" என்றேன். ஒன்று என்றேன், இரண்டு என்றேன், மூன்று என்றேன். இரண்டு கையும் நீண்டன. ஒன்றுகூட விரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

என்னமோ அந்தச் சிரிப்பு நைனாவுக்கு உறைத்துவிட்டது. கடப்பாரையை எடுத்துப் பூட்டை இடித்தார். "மோட்டாரை ஒடைக்கறான்டா" என்று உன் நைனா கத்தினார். பூட்டு விழுவதற்கு முன்னால் அவர் கொடுவாளை வீசினார். கடப்பாரையைப் பிடித்திருந்த நைனாவின் வலது கையில் விழுந்தது. கட்டை விரலும் அடுத்த விரலும் நிலைப்படியில் கிடந்தன. பீஸ் கட்டை அவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பாகக் கிடந்தது. நைனா விரலைப் பொறுக்கக் குனிந்தார். உன் நைனா மறுபடியும் ஓங்கினார்.

நான் கடப்பாரையை எடுத்து அவர் முழங்காலில் போட்டேன். உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விழுந்த பிறகும் இன்னொரு தடவை போட்டேன். அந்த இரண்டாவது அடிக்கு உன்னிடம் மன்னிப்பு கேட்டு எழுதமாட்டேன்.

நைனா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அம்மா கூடப் போயிருக்கிறது. விரல்களை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோனோம். இனி ஒட்டாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் நைனாவை போலீஸ் தூக்கிக்கொண்டு போயிற்று. என்னைப் பிடிக்கவில்லை, நான் சண்டையை விலக்கிவிட்டவனாம்.

சாவியும் பீஸும் என் மடியில் இருக்கின்றன. கரண்டு இன்றும் வந்தது. போடமாட்டேன். உங்கள் மல்லாட்டையும் காயட்டும், எங்களுடையதும் காயட்டும். உன் நைனா ஜாமீனில் வருவார் அல்லவா? வந்தால் கிணற்றுக் கொல்லைக்குத்தான் முதலில் வருவார். அரிவாளைத் தீட்டிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் செய்தால் அது துரோகம், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சிங்காரவேலு


கான்பூர்
26-2-1968

சிங்காரம்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சித்தப்பாவின் கைக்கு நான் என்ன எழுதுவது? வலது கை. இனி அவர் மண்வெட்டியைப் பிடிப்பது எப்படி? வெட்டினவர் என் நைனா. அவர் காலை உடைத்தவன் நீ. வெட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. வெட்டு என்று சொல்ல முடியுமா? அவர் என்னை ரயிலேற்றும்போது அழுதார், தெரியுமா? நீ பார்க்கவில்லை. விழுப்புரம் பிளாட்பாரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்கிறேன். அந்தக் குட்டி மானிட்டரை நாங்கள் திருத்தினோம். இரண்டும் காத்திருந்தால் ஒன்றை வெளியே தள்ளு என்று ஒரு வரி சேர்த்தோம். ஆ போயிற்று. அ-வுக்கு இரண்டு டேப்பும் கிடைத்தது, வேலையை முடித்தது. அடுத்து இன்னும் இரண்டு வேலைகளை விட்டோம், அப்போதும் காகிதம் நிற்கவில்லை! 'இ காத்திருக்கிறது. ஈ காத்திருக்கிறது.' ஏனென்றால் முடித்த பிறகு திருப்பிக் கொடு என்ற வரியை நான் எழுதவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அ சும்மா உட்கார்ந்திருந்தது. முன்பு இரண்டு பேர் சேர்ந்து மிஷினை நிறுத்தினார்கள். இப்போது ஒருவனே நிறுத்திவிட்டான்.

இரண்டும் இப்போது உன் மடியில் இருக்கின்றன. கிணற்றை நிறுத்தி வைத்திருப்பவன் என் நைனா இல்லை, சித்தப்பா இல்லை. நீ.

யார் முறை பாக்கி என்று மீட்டருக்குத் தெரியும். போய்ப் பார். பார்த்துவிட்டு எங்களுக்குப் பாக்கி இருந்தால் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே. அதற்குப் பிறகு அரிவாளை என்ன செய்தாய் என்று எனக்கு எழுது. எதுவானாலும் நீதான் எழுத வேண்டும். அம்மாவின் கார்டில் நான் படிக்கக் கூடாது.

உத்திரா


செஞ்சி
9-3-1968

உத்திரா,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னைத்தான் வெட்ட வேண்டும் என்று நினைத்தேன். கான்பூருக்கு டிக்கெட் எடுக்க வக்கில்லாததால் தப்பித்தாய்.

கொட்டாயைத் திறந்தேன். ரத்தத்தில் எறும்பு மொய்த்துக் காய்ந்துபோயிருந்தது. மீட்டரைப் பார்த்தேன். உன் நைனா சொன்னதுதான் சரி. உங்கள் முறை பாதியில் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் மீட்டரை உடைத்துவிடலாமா என்று கடப்பாரையைத் தேடினேன். அதை போலீஸ் எடுத்துப் போயிருந்தார்கள்.

பீஸைச் செருகினேன். தண்ணீரை உங்கள் கொல்லைப் பக்கம் திருப்பினேன். உன் அம்மா, என் அருமைப் பெரியம்மா வள்ளியம்மாள், தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டது. "கால ஒடைச்ச பாவி, தண்ணியும் திருட வந்துட்டியா!" கல் வந்தது. முதல் கல் தவறியது, இரண்டாவது புருவத்தில் பட்டது. உங்கள் குடும்பத்தில் குறி நன்றாக இருக்கிறது. "பெரீம்மா, தண்ணி உங்க கொல்லைக்குப் போவுது, பாரு!" என்று கத்தினேன். பார்த்தது. பார்த்த பிறகும் ஒரு கல் எறிந்தது, கையில் எடுத்ததை வீணாக்க மனசில்லாமல். அப்புறம் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டது.

உன் நைனா அப்போதுதான் வந்தார். ஜாமீனில் வந்து நேராகக் கொல்லைக்கு, நான் சொன்ன மாதிரியே. கக்கத்தில் கோலை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். அரிவாள் என் இடுப்பில் முதுகுப் பக்கம் சொருகியிருந்தது. நான் கொட்டாய் வாசலைவிட்டு நகரவில்லை. அவர் தன் கழனியில் தண்ணீரைப் பார்த்தார், என் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்தார். உன் நைனா யாரையும் நம்பாதவர் என்பது உனக்குத் தெரியும்.

"எவ்ளோடா ஓட்டுன?"

"மீட்டர் உள்ள இருக்குது. நீயே பாத்துக்க."

உள்ளே வந்தார். மீட்டர் தாழ இருக்கிறது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் குனிந்தார். கழுத்து. வெயிலில் கறுத்து, மடிப்பு மடிப்பாக, என் நைனாவின் கழுத்தைப் போலவே இருந்தது. நான் அரிவாளை உருவிவிட்டேன். அவருக்குச் சத்தம் கேட்டிருக்கும். நிமிரவில்லை. மீட்டரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனைப் போல உரக்கப் படித்தார்.

"மூணு... ஏழு... நாலு."

"நாலு இல்ல பெரிப்பா. ஒம்போது."

சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் அல்லவா நான்? தப்பாகப் படித்தவனைத் திருத்திவிட்டு அடுத்த நொடியில் எப்படி வெட்டுவது, எனக்குத் தெரியவில்லை உத்திரா. ஓங்கின கை அப்படியே மேலே நின்றது. அவர் மறுபடி உற்றுப் பார்த்தார்.

"ஆமா. ஒம்போது. அப்ப எங்களுது தீந்துட்ச்சி."

"தீந்துட்ச்சி."

நிமிர்ந்தார். அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒதுங்கிப் போகவில்லை. "உங்க மொறடா. தண்ணிய மாத்து" என்றார். கோலை எடுத்துக்கொண்டு வெளியே போய் நல்ல காலால் தன் மடையில் மண்ணைத் தள்ளி அடைத்தார். அதற்கு நெடுநேரம் ஆயிற்று. நான் உதவி செய்யவில்லை. என் மடையை நான் வெட்டினேன், அரிவாளாலேயே. கூர் போய்விட்டது.

அதற்குப் பிறகு நானும் அவரும் பேசவில்லை. பேசுவோம் என்றும் நினைக்காதே. கேஸ் இருக்கிறது, என் நைனாவுக்கு விரல் இல்லை, உன் நைனாவுக்குக் கால் இல்லை. தாமதமாக வந்த உன் கடிதத்தில் சொன்ன மாதிரி, சாவியையும் பீஸையும் பாண்டுரங்கன் கடையில் டியூபுகளுக்கு நடுவே ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறேன். உன் அம்மா காலையில் வந்து இரண்டையும் எடுத்துப் போயிற்று. முறை தீர்ந்ததும் இரண்டையும் கொண்டுவந்து மாட்டிற்று. மாட்டிவிட்டு என்னைப் பார்த்துத் துப்பிற்று.

நைனா வெள்ளிக்கிழமை வருகிறார். அவரை வெட்டினவனுக்கு நான் தண்ணீர் விட்டது ஆஸ்பத்திரி வரைக்கும் எட்டிவிட்டதாம். கட்டை விரல் இல்லாத கையால் ஒரு மனுஷன் எவ்வளவு பலமாக அடிக்க முடியும்? உன் மிஷினில் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

சிங்காரம்